வெளிச்சத்தை அளக்கப் பழகுதல்: பென்சிலில் உள்ளது உள்ளபடி வரைய ஓர் எளிய விளக்கம்

பென்சிலால் வரைந்த ஒரு படத்தைப் பார்த்து, "நிஜமாகவே எதிரில் இருக்கிற மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் கண்ணுக்கு அப்படித் தோன்றச் செய்தது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புதிதாக வரையத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், இமை முடிகளையும் சேலையின் இழைகளையும் வலையின் முடிச்சுகளையும் ஒன்றுவிடாமல் வரைவதில்தான் அந்தத் திறமை இருக்கிறது என்று எண்ணி, அவற்றிலேயே மணிக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பு வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு முடிச்சுகூட இல்லாமல், ஐந்தாறு சாம்பல் பரப்புகளால் மட்டும் ஆன சிறிய படம் சில அடி தள்ளி நின்று பார்த்தால் கரையில் ஏற்றிய வள்ளமாகவே தெரிவதும், எல்லா முடிச்சுகளும் இருக்கிற பெரிய படம் தட்டையாகக் கிடப்பதும் இந்தக் கலையில் அன்றாடம் காணக்கூடியவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: எந்த இடம் எவ்வளவு இருட்டு, அதை ஒட்டிய இடம் எவ்வளவு வெளிச்சம் என்ற கணிப்பு முதற்படத்தில் சரியாக இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

இந்த இருட்டு வெளிச்ச அளவை ஓவிய ஆசிரியர்கள் டோன் என்பார்கள். இங்கே நாம் அதை அடர்த்தி என்றே வைத்துக்கொள்வோம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு இதைக் கற்க இரண்டு வசதிகள் உண்டு. வெயில் பெரும்பாலான மாதங்களில் தெளிவாக விழுகிறது. மணல், சங்கு, கடல் என்று வெளிறிய பரப்புகளும், தார் பூசிய படகு, பனை, ஈரப்பாறை என்று கறுத்த பரப்புகளும் அருகருகே கிடைக்கின்றன.

கோடு எங்கே இருக்கிறது?

கரையில் நிற்கும் ஒரு வள்ளத்தை வரையச் சொன்னால், நாம் அதன் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு போடுகிறோம். ஆனால் வள்ளத்தைச் சுற்றி அப்படி ஒரு கோடு எங்கும் இல்லை. கறுத்த பலகை முடிந்து வெளிறிய மணல் தொடங்குகிறது; அவ்விரண்டு அடர்த்திகளும் சந்திக்கும் இடத்தைத்தான் நம் மூளை எல்லையாகப் புரிந்துகொள்கிறது. வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தின் ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து, பின்னால் உள்ள வானமும் வெளிறி இருந்தால், அங்கே எல்லை ஏறக்குறைய மறைந்தே போகும். அதே வள்ளத்தின் அடிப்பக்கம் தன் நிழலோடு கலந்து, பலகை எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் இருக்கும். உள்ளபடி வரைவது என்றால் அந்த மறைவையும் கலப்பையும் மதித்து அப்படியே விட்டுவிடுவது. எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் கோடு போட்டு வளைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு நுட்பமாக நிழல் சேர்த்தாலும் அது வெட்டி ஒட்டிய காகிதமாகவே தெரியும். தொடக்கத்தில் உருவத்தின் அளவையும் இடத்தையும் குறிப்பதற்காக மெல்லிய கோடுகள் தேவைதான். அவை பின்னால் நிழலுக்குள் கரைந்துபோகும் அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அடுத்து ஒரு வரம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நண்பகல் கடலில் தெறிக்கும் வெயிலின் பளபளப்புக்கும், கவிழ்த்த படகின் அடியில் இருக்கும் இருட்டுக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். நம் கையில் இருப்பதோ ஒரு வெள்ளைத் தாளும், கிராஃபைட் என்னும் பென்சில் கரி பூசிய கறுப்பும். இவை திருப்பி அனுப்பும் வெளிச்சத்தின் வேறுபாடு சில பத்து மடங்குதான். ஆகவே கடலின் பளபளப்பைத் தாளில் அப்படியே கொண்டுவர எவராலும் இயலாது. கொண்டுவரக்கூடியது, அடர்த்திகளுக்கு இடையிலான உறவை மட்டுமே. பாடகர் தன் குரலுக்கு ஏற்ப சுருதி வைத்துக்கொண்டு, பாட்டின் எல்லா ஸ்வரங்களையும் அதற்குப் பொருத்திப் பாடுவதைப்போல, வரைபவரும் காட்சியின் மிக வெளிச்சமான இடத்துக்குத் தாளின் வெண்மையையும், மிக இருண்ட இடத்துக்குத் தன் பென்சிலின் முழுக் கறுப்பையும் ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் இவ்விரண்டுக்கும் நடுவில் முறையாக வரிசைப்படுத்த வேண்டும். புதியவர்கள் வரைந்த படங்கள் வெளிறிப்போய் இருப்பதற்குக் காரணம், அழுத்தமான கறுப்பைத் தொட அஞ்சி, எல்லாவற்றையும் நடுச் சாம்பலுக்குள்ளேயே முடித்துவிடுவதுதான். கறுப்பு வைத்த பிறகுதான் வெள்ளை ஒளிரும்.

கண் நம்மை ஏமாற்றும் விதம்

அடர்த்தியைக் கணிப்பது எளிதாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. நம் பார்வை, பொருளின் மீது விழும் வெளிச்சத்தைக் கழித்துவிட்டு, பொருளின் சொந்த நிறத்தை நமக்குச் சொல்லும்படி அமைந்திருக்கிறது. வேட்டி வெள்ளை என்று நமக்குத் தெரியும். ஆகவே அது திண்ணை நிழலில் தொங்கினாலும் வெள்ளையாகவே தோன்றுகிறது. உண்மையில் அந்த நிழலுக்குள் இருக்கும் வேட்டியிலிருந்து நம் கண்ணுக்கு வரும் வெளிச்சம், வெளியே வெயிலில் கிடக்கும் பழுப்பு மணலிலிருந்து வருவதைவிட மிகவும் குறைவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய பார்வை அறிவியல் ஆய்வாளர் எட்வர்டு அடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் இதை மறுக்க முடியாதபடி காட்டுகிறது: அதில் நிழலுக்குள் இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டமும், நிழலுக்கு வெளியே இருக்கும் ஒரு கறுப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் அச்சாகியிருக்கின்றன, சுற்றியுள்ளவற்றை மறைத்துப் பார்க்கும்வரை எவரும் அதை நம்புவதில்லை.

அன்றாட வாழ்க்கைக்கு இந்தப் பார்வைக் குணம் பெரும் உதவி. வரைபவருக்கோ இதுவே முதல் தடை. "இது வெள்ளை" என்ற அறிவு, "இது இப்போது சாம்பல்" என்ற காட்சியை மறைத்துவிடுகிறது. இதைத் தாண்டுவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் வழி, கண்களை இடுக்கிப் பார்ப்பது. இமைகளைப் பாதி மூடும்போது நுண்விவரங்கள் மங்கி, பெரிய இருட்டுத் திட்டுகளும் பெரிய வெளிச்சத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். அவற்றை ஒப்பிடுவது எளிது. மற்றொரு வழி, அஞ்சலட்டை அளவுள்ள சாம்பல் அட்டையில் சுண்டுவிரல் நுழையும் துளை ஒன்றை இட்டு, அதன் வழியாக ஒவ்வோர் இடத்தையும் தனித்துப் பார்ப்பது. துளைக்குள் தெரிவது வேட்டியா மணலா என்று தெரியாதபோது, அதன் அடர்த்தி தன்னை மறைக்காமல் காட்டிவிடும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் நம் கடற்கரை வெயிலில் கைப்பேசி நிழல்களை ஒட்டுமொத்தக் கறுப்பாகவும் வானத்தை ஒட்டுமொத்த வெள்ளையாகவும் மாற்றிவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. கண் நிழலுக்குள்ளும் பலகை இணைப்புகளைக் காண்கிறது. படம் அவற்றைக் காட்டுவதில்லை. அதனால்தான் நேரில் பார்த்து வரைவதைப் புகைப்படம் பார்த்து வரைவதற்கு மேலாக நான் வைப்பேன். கோயில் சிற்பங்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் சில்பி, அந்தந்தக் கோயிலுக்கே சென்று சிற்பத்தின் முன் அமர்ந்து வரைந்தவர். அவருடைய கல்லில் ஒரு கன அளவு இருப்பதற்கு அந்த நேர்ப்பார்வையும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பென்சிலும் தாளும்

பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்தே 1795-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். போரினால் இங்கிலாந்தின் நல்ல கிராஃபைட் கிடைக்காமல் போன நிலையில், தூளான கிராஃபைட்டைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டு அவர் வழி கண்டார். களிமண் கூடினால் குச்சி கடினமாகி மங்கலாக எழுதும். அது ஹெச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகிக் கறுப்பாக எழுதும். அது பி வரிசை. கிராஃபைட் நமக்குத் தொலைவான பொருளும் அன்று. முன்பு இராமநாதபுரத்தோடு ஒரே மாவட்டமாக இருந்த சிவகங்கைப் பகுதியில் அது வெட்டி எடுக்கப்படுகிறது.

தொடங்குபவருக்கு ஹெச்பி, 2பி, 4பி, 6பி ஆகிய நான்கே போதும். அப்சரா, கேம்லின் போன்ற நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் வரைபென்சில்களே தாராளம்; விலையுயர்ந்த பெட்டி வாங்கினால் படம் நன்றாக வரும் என்பது உண்மையன்று. ஒரே பென்சிலால் எல்லா அடர்த்திகளையும் கொண்டுவர முயலக்கூடாது என்பதுதான் முக்கியம். ஹெச்பியை அழுத்தி அழுத்தி ஓட்டினால் கறுப்பு வராது. தாள் பள்ளமாகி, பளபளக்கும் சாம்பல்தான் வரும். கிராஃபைட் தகடு தகடாகப் படியும் பொருளாதலால், அழுத்தித் தேய்த்த இடம் வெளிச்சத்தைக் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பி, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மின்னும்.

தாள் வழவழப்பாக இருக்கக்கூடாது. அச்சுத் தாளில் கிராஃபைட்டைப் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பு குறைவு; இரண்டு மூன்று அடுக்குகளுக்குமேல் ஏறாது. 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அல்லது அதற்கு மேல் கனமுள்ள வரைதாள் நல்லது. கடலோரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய தாளில் பென்சில் சீராகப் படியாது, அழிப்பான் பட்டால் நார் கிளம்பும். வரைபுத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதும், வரையும்போது உள்ளங்கை வியர்வை படாமல் கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொள்வதும் இங்கே கட்டாயமான பழக்கங்கள். விரலால் தேய்த்து நிழலை மழுப்புவதைத் தவிர்க்க வேண்டும். தோலின் எண்ணெய் தாளில் இறங்கி, பின்னால் எதுவும் ஏறாத திட்டுகளை உண்டாக்கும். மழுப்ப வேண்டுமானால் காது குடையும் பஞ்சுக் குச்சியோ, இறுகச் சுருட்டிய காகிதமோ போதுமானது.

முதல் பயிற்சிகள்

தாளில் ஒன்பது சிறு கட்டங்களை வரிசையாகப் போட்டு, முதல் கட்டத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டு, கடைசிக் கட்டத்தை 6பியால் இயன்றவரை கறுப்பாக்கி, நடுக் கட்டத்தை இரண்டுக்கும் சரிபாதியான சாம்பலாக நிரப்ப வேண்டும். பிறகு எஞ்சிய ஆறு கட்டங்களையும், ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து ஒரே அளவு மாறும்படி நிரப்ப வேண்டும். பார்ப்பதற்குச் சிறுபிள்ளைப் பயிற்சியாகத் தோன்றினாலும், இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு; பெரும்பாலும் வெளிறிய பக்கம் இரண்டு கட்டங்கள் ஒன்றுபோல் ஆகிவிடும், அல்லது நடுவிலிருந்து கறுப்புக்கு ஒரே தாவலாகப் போய்விடும். பென்சிலைப் படுக்கை வாட்டில் பிடித்து, மணிக்கட்டை விறைப்பாக வைத்துக்கொள்ளாமல் முன்கையை அசைத்து, அழுத்தாமல் அடுக்கடுக்காக ஏற்றினால் சீரான பரப்பு கிடைக்கும். அழுத்தத்தால் கறுப்பாக்குவதும் அடுக்குகளால் கறுப்பாக்குவதும் வேறு வேறு. பின்னதைத் திருத்தலாம், முன்னதைத் திருத்த முடியாது. முடித்த வரிசையைக் கத்தரித்து வைத்துக்கொண்டால், வரையும் பொருளுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, "இந்த இடம் நான்காம் படி, அந்த இடம் ஏழாம் படி" என்று அளக்கும் அளவுகோலாக அதுவே பயன்படும்.

அடுத்தது ஒரு வெள்ளை முட்டை. வெள்ளைத் தாளின் மேல் அதை வைத்து, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி அமைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தால், உள்ளபடி வரைவதன் இலக்கணம் முழுவதும் அதில் தெரியும். வெளிச்சம் நேராகப் படும் இடத்தில் முட்டை மிக வெண்மையாக இருக்கிறது. அங்கிருந்து பரப்பு வளைந்து விலக விலக வெளிச்சம் சரிந்து விழுவதால், அடர்த்தி மெல்ல மெல்லக் கூடுகிறது. வெளிச்சம் தொடவே முடியாத எல்லையைக் கடந்ததும் முட்டையின் சொந்த நிழல் தொடங்குகிறது; அந்த எல்லையை ஒட்டிய பட்டைதான் முட்டையின் மேல் மிக இருண்ட பகுதி. வியப்பு அதற்கு அப்பால் இருக்கிறது: வெளிச்சத்திலிருந்து இன்னும் தள்ளி இருக்கும் கீழ்விளிம்பு, அந்தப் பட்டையைவிடச் சற்று வெளிறித் தெரிகிறது. தாளில் பட்ட வெளிச்சம் எதிர்த்து மேலெழுந்து முட்டையின் அடிவயிற்றைத் தொடுவதே காரணம். இந்த எதிரொளியை விட்டுவிட்டால் முட்டை பாதி நிலாவாகத் தட்டையாகிவிடும். எதிரொளியை அளவுக்குமீறி வெளிறச் செய்தால் முட்டை உலோகமாக மாறிவிடும். நிழலுக்குள் இருக்கும் எந்த இடமும், அது எவ்வளவு எதிரொளி பெற்றாலும், வெளிச்சம் நன்றாகப் படும் இடங்களைவிட அடர்த்தியாகவே இருக்கும் என்பதை ஒரு விதியாகவே கைக்கொள்ளலாம். ஒரே நிறமுள்ள, பளபளப்பில்லாத பொருளுக்கு இது தவறுவதில்லை.

முட்டை தாளின் மேல் வீழ்த்தும் நிழலையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். முட்டை தாளைத் தொடும் இடத்தில் அது மிகக் கறுப்பு. அங்கே விளிம்பும் கூர்மை. விலக விலக நிழல் வெளிறி, விளிம்பு மழுங்குகிறது. சூரியன் புள்ளியாக இல்லாமல் ஒரு வட்டமாக இருப்பதால், வெயிலில் விழும் நிழலின் விளிம்பு ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் மழுங்கும். பனைமரத்தின் அடிமரம் மணலில் கத்தி வெட்டியது போன்ற நிழலை வீழ்த்த, உச்சியில் உள்ள ஓலைகளின் நிழல் ஒரு சாண் அகலத்துக்குக் கலங்கிக் கிடப்பது இதனால்தான். இந்தக் கூர்மை வேறுபாட்டை மட்டும் படத்தில் காப்பாற்றினால், மரத்தின் உயரத்தைப் பார்ப்பவர் தாமே உணர்ந்துகொள்வார்.

முட்டைக்குப் பிறகு சங்கு. கீழக்கரையிலும் இராமேஸ்வரத்திலும் கிடைக்கும் இந்தப் பொருளைவிடச் சிறந்த பாடம் ஓவியம் பழகுபவருக்கு இல்லை என்று நம்புகிறேன். கடலிலிருந்து வந்த சங்கின் மேல் பழுப்புத் தோல் மூடியிருக்கும். அதை நீக்கித் தேய்த்த பிறகே வெண்மை வெளிப்படும். தோல் பாதி போன சங்கு கிடைத்தால் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொருளின் சொந்த நிற அடர்த்தியும், வெளிச்சத்தால் வரும் அடர்த்தியும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதைப் பிரித்துப் படிக்கலாம். வெயில் பக்கத்துப் பழுப்பும் நிழல் பக்கத்து வெள்ளையும் பல இடங்களில் ஒரே படியில் வந்து நிற்கும். சங்கின் வாயைப் பாருங்கள்: வெளி உதடு கூர்மையான எல்லையோடு வெளிச்சத்தை வாங்குகிறது, உட்சுவர் வளைந்து உள்ளே போகப் போக அடர்த்தி படிப்படியாக ஏறி, ஓர் இடத்தில் இருட்டாகிறது. அந்த இருட்டும் தட்டையான கறுப்பு அன்று. உட்சுவரில் ஒரு மங்கிய எதிரொளி ஓடிக்கொண்டிருக்கும். சங்கின் சுருள்களை முதலில் கோடாக வரைந்துவிட்டு நிழல் நிரப்புவதைவிட, ஒவ்வொரு சுருளையும் ஒரு முட்டையாக எண்ணி, அதன் வெளிச்சம், சரிவு, இருண்ட பட்டை, எதிரொளி என்ற வரிசையில் நிரப்பினால், சுருள் தானாக எழும்பி நிற்கும்.

இந்தக் கரையின் வெளிச்சம்

ஓவிய நூல்களில் பலவும் வடக்குப் பார்த்த சன்னல் அருகே அமர்ந்து வரையச் சொல்கின்றன. ஐரோப்பாவில் சூரியன் எப்போதும் தென்புறமாகவே செல்வதால், வடக்குச் சன்னலில் நேர்வெயில் படாமல், நாள் முழுவதும் சீரான வானவெளிச்சம் மட்டும் வரும். இராமேஸ்வரம் ஏறக்குறைய 9.3 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது. ஆகவே அந்த மாதங்களில் வடக்குச் சன்னலில்தான் வெயில் விழும். தெற்குச் சன்னலே சீரான வெளிச்சம் தரும். மற்ற மாதங்களில் நூல்கள் சொல்வது பொருந்தும். எந்தச் சன்னலானாலும் வெயில் நேரே விழுந்தால், ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிவிட்டால் போதும்.

வெளியே வரைவதென்றால் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும்தான் உருவங்களுக்கு உடல் கிடைக்கிறது. உச்சி வேளையில், அதுவும் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும், செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழலே ஏறக்குறைய இல்லாமல் போகும். படகு, மனிதர், சுவர் எல்லாம் தட்டையாகின்றன. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், அரைமணி நேரத்தில் நிழல் வேறு இடத்துக்குப் போய்விடும். எனவே அமர்ந்தவுடன் முதல் வேலையாக, நிழல்களின் எல்லைகளை மெல்லிய கோட்டால் குறித்து, அவற்றை மூன்றே அடர்த்திகளில் நிரப்பிவிட வேண்டும். பின்னர் வெளிச்சம் மாறினாலும் அந்தக் குறிப்பை மாற்றக்கூடாது. காலை நிழலும் மாலை நிழலும் ஒரே படத்தில் கலந்தால், பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாவிட்டாலும் நம்பிக்கை போய்விடும்.

தூரமும் அடிவானமும்

கடலோரத்தில் வரைபவருக்கு அடிவானம் தெளிவான கோடாகக் கண்முன் இருக்கிறது. அந்தக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் இருக்கும். சமமான மணலில் நாம் நிற்கும்போது, நம் உயரமே உள்ள ஒருவர் பத்தடி தள்ளி நின்றாலும் நூறடி தள்ளி நின்றாலும் அடிவானம் அவர் கண்களைத்தான் வெட்டிச் செல்லும்; தூரத்தில் இருப்பவருடைய காலடி மட்டும் மேலே ஏறி வரும். நாம் மணலில் உட்கார்ந்துவிட்டால் அதே அடிவானம் நிற்பவரின் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தால், கரையில் சிதறி நிற்கும் மனிதர்களின் அளவுகள் தவறவே தவறாது. இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நின்று பார்த்தால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களின் வரிசையில் மேல்விளிம்புகள் இறங்கியும் அடிப்பீடங்கள் ஏறியும் ஒரே புள்ளியை நோக்கிச் செல்வதும், அந்தப் புள்ளி நம் கண்மட்டத்தில் இருப்பதும் தெரியும். உள்ளே அடிவானம் தெரியாது, விதி அதேதான்.

அடர்த்தியும் தூரத்தைச் சொல்லும். பாம்பனில் 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் நின்று, 2025-இல் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அருகில் உள்ள தூண்களில் கறுப்பும் வெள்ளையும் முழு வேறுபாட்டோடு இருக்கின்றன. தூரம் செல்லச் செல்லக் கறுப்பு வெளிறி, கடைசியில் தூண்களும் கடலும் ஒரே சாம்பலாகின்றன. கடற்காற்றில் உள்ள ஈரமும் உப்புத் துகளும் வெளிச்சத்தைச் சிதறடித்து நடுவில் ஒரு திரையாக நிற்பதே காரணம். ஆகவே தூரத்துத் தூண்களுக்கு ஹெச்பியைத் தவிர வேறு பென்சிலைத் தொடக்கூடாது. 6பி கிட்டத்தில் உள்ளவற்றுக்கு மட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், இங்குள்ளவர்கள் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான பக்கத்தில் படகின் பிம்பம் ஏறக்குறைய முழுதாகத் தெரியும். ஆண்கடல் பக்கம் அது துண்டு துண்டாக உடைந்துவிடும். அமைதியான நீரில்கூடப் பிம்பம் படகின் நகல் அன்று: கறுப்புப் படகின் பிம்பம் படகைவிடச் சற்று வெளிறியும், வெள்ளைப் படகின் பிம்பம் படகைவிடச் சற்று இருண்டும் இருக்கும்.

முகம்

எல்லோரும் விரும்பி முதலில் கைவைப்பது முகத்தில்தான். முட்டையும் சங்கும் கைவந்த பிறகே அதற்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கற்பிக்கும் படங்களில் பெரும்பகுதி வெளிறிய தோலை வைத்துச் செய்தவை. அவற்றில் முகத்தின் வெளிச்சப் பகுதி முழுவதையும் வெறும் தாளாக விட்டுவிடும் வழக்கம் உண்டு. கடலில் வெயில் குடித்த நம் மக்களின் முகத்துக்கு அந்த முறை பொருந்தாது. கருத்த முகத்தை வெள்ளைத் தாளாக விட்டு, கண்ணையும் மீசையையும் மட்டும் கறுப்பாக்கினால், அந்த மனிதர் வேறொருவர் ஆகிவிடுகிறார். இதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எதிரில் இருப்பவரை அவராகவே காண்பது வரைபவரின் கடமை.

ஆகவே முகம் முழுவதற்கும் முதலில் நான்காம் அல்லது ஐந்தாம் படியில் ஒரு சீரான பரப்பை ஏற்றி, அதிலிருந்து இருட்டை நோக்கி அடுக்குகளாலும், வெளிச்சத்தை நோக்கி அழிப்பானாலும் போக வேண்டும். பிசைந்து கூராக்கக்கூடிய மென்மையான அழிப்பான் இங்கே பென்சிலுக்குச் சமமான கருவி. கருத்த தோலில் நெற்றி, மூக்கின் நுனி, கன்ன எலும்பு ஆகிய இடங்களில் விழும் பளபளப்பு மிகவும் எடுப்பாகத் தெரியும். தோல் எந்த நிறமானாலும் வியர்வை திருப்பி அனுப்பும் வெளிச்சம் ஒன்றே, சுற்றியுள்ள தோல் இருண்டிருப்பதால் அதன் வேறுபாடு கூடுகிறது. அந்தப் பளபளப்புகள் சிறியவையாகவும் எல்லை தெளிந்தவையாகவும் இருக்க வேண்டும். அவற்றைப் பரப்பிவிட்டால் தோல் நரைத்துப்போகும். விழியின் வெண்மையைத் தாளின் வெண்மையாக விடக்கூடாது. மேலிமையின் நிழல் அதன் மேல் விழுவதால் அது பெரும்பாலும் மூன்றாம் படிச் சாம்பல்தான். பற்களுக்கும் இதுவே பொருந்தும். 2021-இல் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜா எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கிராமத்துப் பெண்களின் முகங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். வண்ணத்தை மறந்துவிட்டு அடர்த்தியை மட்டும் கவனித்தால், மாநிறத் தோலில் வெளிச்சம் எங்கே நின்று எங்கே விலகுகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

மணலில் அமர்ந்து வலை பின்னும் ஒருவரை மாலை வெயிலில் வரைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெயில் ஒரு கன்னத்தில் விழுகிறது; மறுகன்னம் நிழலில் இருக்கிறது. வெளிறிய மணலிலிருந்து எழும் வெளிச்சம் அவருடைய தாடையின் அடிப்பக்கத்தையும், மூக்குத் துளைகளுக்குக் கீழேயும், புருவ எலும்பின் அடியிலும் மெல்லத் தொடுகிறது. உட்பக்க அறையில் அமர்ந்து வரைந்த முகத்தில் இது இருக்காது. கடற்கரை முகத்தின் அடையாளமே இதுதான். புதியவர்கள் இதைக் கண்டதும் மகிழ்ந்து, வெயில் பட்ட கன்னத்துக்கு இணையாக வெளிறச் செய்துவிடுகிறார்கள். கண்ணை இடுக்கி இரண்டையும் ஒப்பிட்டால், தாடையின் அடியில் உள்ள எதிரொளி, வெயில் பட்ட கன்னத்தைவிட இரண்டு படியாவது அடர்த்தியாக இருப்பது தெரியும்; படத்திலும் அந்த இரண்டு படிகளை விட்டுக்கொடுக்காமல் வைக்க வேண்டும்.